'கர்த்தரிடத்தில் கேட்டேன்': சாமுவேல் என்ற பெயரின் பொருள்

கேள்வி: ஐயா, திருமணமாகி ஒன்பது ஆண்டுகள் கழித்துப் பிறந்த எங்கள் மகனுக்குச் சாமுவேல் என்று பெயர் வைத்தோம். வேதத்தில் வரும் சாமுவேலின் தாய் அன்னாளைப் போல நானும் அழுது கேட்ட பிள்ளை. இப்போது நான்காம் வகுப்பு படிக்கிறான். ஞாயிறு பள்ளியில் அவரவர் பெயரின் பொருளைச் சொல்லச் சொன்னார்கள். எங்கள் போதகர் 'கர்த்தரிடத்தில் கேட்கப்பட்டவன்' என்றார். கைபேசியில் தேடினால் 'தேவன் செவிகொடுத்தார்' என்று வருகிறது. இறையியல் படித்த என் கொழுந்தனாரோ இரண்டும் தவறு, 'தேவனுடைய நாமம்' என்பதுதான் பொருள் என்கிறார். வேதத்தில் உள்ள விளக்கமே சவுல் ராஜாவின் பெயருக்கு உரியது, இடம் மாறி வந்துவிட்டது என்றும் சொல்கிறார். அதைக் கேட்டதிலிருந்து மனது சரியில்லை. பக்கத்து வீட்டு அக்கா, 'சக்திவேல் மாதிரி இதுவும் வேல்தானே?' என்கிறார். என் மகனுக்கு நான் என்ன சொல்லட்டும்? அவனுடைய பத்தாவது பிறந்தநாளுக்கு எபிரேய எழுத்தில் ஒரு மரப் பெயர்ப்பலகை செய்து கொடுக்க ஆசை. செதுக்குபவர் அனுப்பிய மாதிரிப் படத்தை இணைத்திருக்கிறேன். சரியா என்று பாருங்கள்.
ஒரு தாய், குமரி மாவட்டம்

பதில்:

அன்புள்ள சகோதரி,

பல ஆண்டுகளாக எபிரேய மொழி கற்பிக்கிறேன். வேதத்தில் முதலாம் சாமுவேல் புத்தகத்தின் முதல் அதிகாரத்துக்கு வரும்போதெல்லாம் வகுப்பில் யாராவது ஒருவர் உங்கள் கேள்வியைக் கேட்பார். ஆனால் யாரும் உங்களைப் போல ஒன்பது ஆண்டு காத்திருந்து கேட்டதில்லை. அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

முடிவை முதலில் சொல்லிவிடுகிறேன். உங்கள் போதகர் சொன்னது சரி. உங்கள் கொழுந்தனார் சொன்னதில் முதல் பாதி சரி, இரண்டாம் பாதி ஓர் ஊகம். கைபேசி சொன்னதுதான் மொழிப்படி பலவீனமானது. போதகரும் கொழுந்தனாரும் எப்படி ஒரே நேரத்தில் சரியாக இருக்க முடியும் என்று கேட்பீர்கள். ஒரு பெயர் எந்தச் சொற்களால் ஆனது என்பது ஒரு கேள்வி. அந்தப் பெயரை வைத்த தாய் என்ன நினைத்து வைத்தாள் என்பது வேறு கேள்வி. கொழுந்தனார் முதல் கேள்விக்குப் பதில் சொல்கிறார், போதகர் இரண்டாவதற்கு.

பக்கத்து வீட்டு அக்கா சொன்ன 'வேல்' விஷயத்தை முதலில் முடித்துவிடலாம். எபிரேயத்தில் இந்தப் பெயரை 'ஷ்மூஏல்' என்பார்கள். கடைசியில் உள்ள 'ஏல்' என்பது தேவனைக் குறிக்கும் சொல். கிரேக்கத்தில் 'ஷ' ஒலி இல்லாததால் அங்கே 'சமூஏல்' ஆனது. தமிழுக்கு வந்தபோது சாமு + ஏல் என்று இரண்டு உயிர்கள் அடுத்தடுத்து நின்றன. தமிழ் அதைப் பொறுக்காது, நடுவே ஓர் உடம்படுமெய் வரும். 'இ ஈ ஐவழி யவ்வும் ஏனை உயிர்வழி வவ்வும்' என்று நன்னூலில் படித்திருப்பீர்கள். இகரத்துக்குப் பின் யகரம் வந்ததால் தானியேல், எசேக்கியேல். மற்ற உயிர்களுக்குப் பின் வகரம் வந்ததால் சாமுவேல், இஸ்ரவேல், இஸ்மவேல். நம் இலக்கணமே அந்த 'வ'வைச் சேர்த்தது. முருகன் கை வேலுக்கும் இதற்கும் தொடர்பில்லை. ஆனாலும் தமிழ்க் காதுக்கு இது அந்நியமாக ஒலிக்காததற்கு அந்த வகரமும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன். தமிழில் முதல் நாவலை எழுதிய மாயூரம் வேதநாயகம் பிள்ளையின் முழுப்பெயரே சாமுவேல் வேதநாயகம் பிள்ளைதான்.

இப்போது சொல்லின் அமைப்பு. கடைசியில் 'ஏல்'. முன்னால் 'ஷெம்', அதாவது பெயர், நாமம். இரண்டையும் இணைக்கிற 'ஊ' நடுவில் நிற்கிறது. அந்த 'ஊ' என்ன என்பதில்தான் விவாதம். 'அவருடைய' என்ற பொருள் தரும் விகுதி என்று எடுத்தால் 'அவருடைய நாமம் ஏல்' என்று விரியும். எபிரேயமும் அரபியும் சேர்ந்த செமித்திய மொழிக்குடும்பத்தில் பழங்காலத்தில் இருந்த வேற்றுமை உருபின் மிச்சம் என்று எடுத்தால் 'ஏலின் நாமம்' என்றாகும். எனக்கு இரண்டாவதே பொருத்தமாகப் படுகிறது. யாக்கோபு இரவு முழுவதும் போராடிய இடத்தின் பெயரைப் பாருங்கள். ஆதியாகமம் 32 ஆம் அதிகாரத்தின் எபிரேய மூலத்தில் ஒரு வசனத்தில் 'பெனியேல்' என்றும் அடுத்த வசனத்தில் 'பெனூவேல்' என்றும் வருகிறது. இரண்டுக்கும் 'தேவனுடைய முகம்' என்பதே பொருள். அங்கே 'ஊ' வந்தாலும் போனாலும் பொருள் மாறவில்லை, இரண்டு சொல்லைச் சேர்க்கிற வேலையை மட்டும் செய்கிறது.

அரபியை வைத்துப் பார்த்தால் இன்னும் தெளிவாகும். 'ஷெம்' என்ற எபிரேயச் சொல்லின் அரபு உறவு 'இஸ்ம்'. 'ஏல்' என்பதன் உறவுச் சொல் 'இலாஹ்', அதிலிருந்துதான் 'அல்லாஹ்'. நாம் அடிக்கடி கேட்கிற 'பிஸ்மில்லாஹ்', அதாவது 'அல்லாஹ்வின் பெயரால்', உள்ளே வைத்திருப்பதும் இதே இரண்டு வேர்களைத்தான். உங்கள் மகனுடைய பெயரும் பக்கத்துத் தெருவில் ஒருவர் உணவில் கைவைக்கும் முன் சொல்கிற வார்த்தையும் ஒரே குடும்பம்.

இந்தப் பெயரின் சாயல் எவ்வளவு பழையது என்பதும் உங்களுக்குப் பிடிக்கும். மெசொப்பொத்தாமியாவின் லார்சா நகரத்தைக் கி.மு. 19 ஆம் நூற்றாண்டில் ஆண்ட ஓர் அரசரின் பெயர் 'சுமு-எல்'. அதே காலத்தில் பாபிலோனை ஆண்ட, ஹம்முராபியின் முன்னோரான அரசர் 'சுமு-ல-எல்'. 'சுமு' என்பதற்கும் 'பெயர்' என்றுதான் பொருள். சாமுவேல் தீர்க்கதரிசி வாழ்ந்தது கி.மு. 11 ஆம் நூற்றாண்டு வாக்கில். அவருக்கு எண்ணூறு ஆண்டுகளுக்கு முன்பே அந்தப் பகுதி மக்கள் இந்த இரண்டு சொற்களையும் சேர்த்துப் பிள்ளைகளுக்குப் பெயர் வைத்திருக்கிறார்கள்.

மெசொப்பொத்தாமியாவின் பழைய மொழியான அக்காடியத்தில் 'ஷுமு' என்றால் பெயர் மட்டும் இல்லை, வாரிசு என்றும் பொருள். இதை நமக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. 'பேர் சொல்ல ஒரு பிள்ளை' என்று சொல்லி வளர்ந்தவர்கள் நாம். பெயரைத் தாங்குகிறவன் பெயரன், அவனே பேரன். சாமுவேலின் இரண்டாம் புத்தகத்திலேயே, 18 ஆம் அதிகாரத்தில், தாவீது ராஜாவின் மகன் அப்சலோம் தன் பேரைச் சொல்ல ஒரு மகன் இல்லை என்று தனக்குத் தானே ஒரு தூணை நிறுத்திக்கொள்கிறான். அந்த இடத்தில் வருவதும் 'ஷெம்' என்ற இதே சொல்தான். ஒன்பது ஆண்டு அந்தப் பேச்சைக் கேட்டிருப்பீர்கள் என்பதால் இதைச் சொல்லலாமா என்று யோசித்தேன். ஆனால் பெயரும் பிள்ளையும் ஒரே சொல்லாக இருந்த உலகத்திலிருந்துதான் சாமுவேல் என்ற பெயர் வருகிறது. அதைத் தவிர்த்தால் அன்னாளின் கண்ணீருக்கும் பாதிக் காரணம் புரியாது.

சரி, கைபேசி சொல்வதற்கு வருவோம். 'தேவன் செவிகொடுத்தார்' என்ற விளக்கம் நேற்று வந்தது இல்லை, பெயர் அகராதிகள் பலவற்றில் இருக்கிறது. எபிரேயத்தில் செவியால் கேட்பதற்கு 'ஷமா' என்ற வினை. 'ஷமா'வும் 'ஏல்'உம் சேர்ந்தது என்று பார்த்தால் சாமுவேல் வந்துவிடும் போலத்தான் இருக்கிறது. தடையாக இருப்பது ஒரே ஓர் எழுத்து. 'ஷமா'வின் கடைசியில் 'அயின்' என்ற மெய் உண்டு. தொண்டையின் அடியிலிருந்து வரும் ஒலி. தமிழில் அது இல்லை, ஆனால் குர்ஆன் ஓதக் கற்றவர்களுக்கு 'ஐன்' என்றால் உடனே தெரியும். செவிகொடுத்தல் என்ற பொருள் உண்மையிலேயே உள்ள எபிரேயப் பெயர்களில் அந்த எழுத்து அப்படியே நிற்கிறது. ஆகாரின் அழுகையைக் கர்த்தர் கேட்டதால் இஸ்மவேல், லேயாளின் துயரத்தைக் கேட்டதால் சிமியோன், பிறகு எலிஷாமா. எல்லாவற்றிலும் அயின் உண்டு. சாமுவேலில் இல்லை.

அரேபியாவுக்குப் போன பிறகும் இந்த வேறுபாடு காப்பாற்றப்பட்டிருக்கிறது. அரபியில் இஸ்மாயில் என்ற பெயரை எழுதும்போது இன்றும் ஐன் வரும். 6 ஆம் நூற்றாண்டில் அரேபியாவின் தைமாவில் வாழ்ந்த யூதக் கவிஞர் ஒருவரின் பெயர் ஸமவ்அல், நம் சாமுவேல்தான். தன்னிடம் ஒப்படைக்கப்பட்ட கவசங்களைத் தன் மகனையே இழந்தும் விட்டுக்கொடுக்காதவர் என்று அவரைப் பற்றிச் சொல்வார்கள். 'ஸமவ்அலைவிட விசுவாசமானவன்' என்பது அரபியில் பழமொழி. அவருடைய பெயரில் ஐன் கிடையாது. ஓர் எழுத்துக்கு இவ்வளவு விவரமா என்று நினைக்காதீர்கள், பலகை விஷயத்துக்கு வரும்போது இது தேவைப்படும். தமிழில் எழுதும்போது இந்த வேறுபாடு மறைந்துபோவதற்கு இதே அதிகாரத்தில் இன்னொரு உதாரணமும் இருக்கிறது. அன்னாளை ஆசீர்வதித்த ஆசாரியர் ஏலியின் பெயரையும், சிலுவையில் இயேசு கூப்பிட்ட 'ஏலீ, ஏலீ' என்பதையும் நாம் ஒரே மாதிரி உச்சரிக்கிறோம். ஆசாரியரின் பெயர் அயினில் தொடங்குகிறது. உயர்வைக் குறிக்கும் வேர் அது. சிலுவையில் வருவது 'என் தேவனே'. முதல் எழுத்தே வேறு.

இனி வேதத்தில் உள்ள விளக்கம். முதல் அதிகாரம் 20 ஆம் வசனத்தில் அன்னாள், கர்த்தரிடத்தில் அவனைக் கேட்டேன் என்று சொல்லிச் சாமுவேல் என்று பேரிடுகிறாள். இங்கே 'கேட்டேன்' என்பதற்கு எபிரேயத்தில் வருவது 'ஷாஅல்' என்ற வினை. வேண்டிக் கேட்பது, விண்ணப்பிப்பது என்ற பொருள். செவியால் கேட்கிற 'ஷமா' அல்ல. இந்த 'ஷாஅல்' முதல் அதிகாரத்தில் 17 ஆம் வசனத்திலிருந்து 28 ஆம் வசனம் வரைக்கும் பெயர்ச்சொல்லாகவும் வினையாகவும் ஏழு முறை வருகிறது. ஏலி சொல்கிறார், அன்னாள் சொல்கிறாள், திரும்பத் திரும்ப ஒரே வேர். எபிரேயத்தில் சத்தமாக வாசித்தால் மணி அடிப்பது போல அது கேட்கும்.

கடைசி அடிதான் உங்கள் கொழுந்தனார் சொல்வதற்குக் காரணம். பால்மறந்த பிள்ளையைச் சீலோவில் இருந்த ஆலயத்தில் விடும்போது, 28 ஆம் வசனத்தில், அவன் கர்த்தருக்கென்று கேட்கப்பட்டவன் என்று அன்னாள் சொல்கிறாள். எபிரேயத்தில் அந்த இடத்தில் இருக்கும் சொல் 'ஷாஊல்'. நாம் சவுல் என்று எழுதுகிற அதே பெயர், எழுத்துக்கு எழுத்து. அதைப் பார்த்த அறிஞர்கள் சிலர், இது முதலில் சவுலின் பிறப்புக் கதையாக இருந்திருக்கும், பின்னால் சாமுவேலுக்கு மாற்றப்பட்டது என்று எழுதினார்கள். இந்தப் பெயருக்கும் விளக்கத்துக்கும் உள்ள இடைவெளியை முன்னோர் கவனிக்காமல் இல்லை. 1160 முதல் 1235 வரை வாழ்ந்த, தென்பிரான்சின் நார்போன் நகரத்து உரையாசிரியர் தாவீது கிம்கி, 'ஷாஊல் மேஏல்', அதாவது 'தேவனிடத்தில் கேட்கப்பட்டவன்' என்ற தொடரே சுருங்கிச் சாமுவேல் ஆனது என்று சமாதானம் சொன்னார். இலக்கணப்படி அதுவும் இழுத்துப் பிடித்த விளக்கம்தான். ஆனால் சிக்கல் இருக்கிறது என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

இடம் மாறிய கதை என்ற ஊகத்தை நான் ஏற்கவில்லை. ஏன் என்று சொல்கிறேன்.

எபிரேயக் கதைசொல்லிகள் பெயருக்குப் பொருள் சொல்லும்போது அகராதி எழுதுவதில்லை. பெயரின் ஓசையைப் பிடித்து, அந்தத் தருணத்தின் உணர்ச்சியை அதில் ஏற்றுகிறார்கள். மோசே என்ற பெயரின் பின்னால் இருப்பது பிறந்தவன், பிள்ளை என்ற பொருள் தரும் எகிப்தியச் சொல் என்று பொதுவாகச் சொல்வார்கள். தூத்மோஸ் போன்ற பார்வோன்களின் பெயரில் இருப்பதும் அதுதான். யாத்திராகமமோ, தண்ணீரிலிருந்து எடுத்ததால் மோசே என்கிறது, எபிரேயத்தில் 'எடுத்தல்' என்ற வினை அதே ஓசையில் இருப்பதால். பாபேல் என்றால் அந்த ஊர்க்காரர்களுக்குத் 'தெய்வத்தின் வாசல்'. ஆதியாகமம் அதைத் 'தாறுமாறு' என்பதற்கான வினையோடு சேர்க்கிறது. நோவாவின் பெயரில் ஓய்வு இருக்கிறது, தகப்பன் சொல்வதோ தேறுதல். இவை எல்லாம் இடம் மாறி வந்த கதைகளா என்ன? பெயர் வைத்தவரின் மனதைக் காட்டுகிற வழி அது. உங்கள் வீட்டிலும் அப்படித்தானே? பெயர் வைத்த அன்று நீங்கள் அகராதியைத் திறந்திருக்க மாட்டீர்கள்.

இரண்டாவது காரணம்தான் எனக்கு முக்கியமானது. சவுலின் பெயர் அன்னாளின் வாயில் வருவது தற்செயல் என்றோ, மறந்துபோன தழும்பு என்றோ எனக்குத் தோன்றவில்லை. இந்தப் புத்தகம் முழுவதையும் வாசித்துப் பாருங்கள். 8 ஆம் அதிகாரத்தில் ஜனங்கள் தங்களுக்கு ஒரு ராஜா வேண்டும் என்று கேட்கிறார்கள். அதே வினை, ஷாஅல். 12 ஆம் அதிகாரத்தில் சாமுவேல் அவர்களிடம், இதோ நீங்கள் கேட்ட ராஜா என்று சவுலைக் காட்டுகிறார். 'கேட்கப்பட்டவன்' என்ற பெயருள்ளவனைக் காட்டி 'நீங்கள் கேட்டவன்' என்கிறார். 15 ஆம் அதிகாரத்தில் சவுல் கீழ்ப்படியாமல் ஆடுகளைத் தப்பவிட்டபோது, என் காதில் விழுகிற இந்தச் சத்தம் என்ன என்கிறார் சாமுவேல். அப்புறம் பலியைவிடக் கீழ்ப்படிதல் உத்தமம் என்கிறார். அந்தக் 'கீழ்ப்படிதல்' எபிரேயத்தில் 'ஷ்மோஅ', செவிகொடுத்தல். ஷ்மூஏல் என்ற தன் பெயரை ஒட்டி ஒலிக்கும் சொல்லையே சவுலுக்கு முன் நீட்டுகிறார். 12 ஆம் அதிகாரத்திலேயே, கர்த்தர் தமது மகத்தான நாமத்தினிமித்தம் தம் ஜனத்தைக் கைவிடமாட்டார் என்றும் சொல்கிறார். நாமம், ஷெம், சாமுவேல் என்ற பெயரின் முதல் பாதி.

கடைசியில் 28 ஆம் அதிகாரம். பெலிஸ்தர் படையைக் கண்டு நடுங்கிப்போன சவுல் கர்த்தரிடத்தில் கேட்கிறார், பதில் வரவில்லை. எபிரேயத்தில் 'வயிஷ்அல் ஷாஊல்' என்று இரண்டு சொல்லும் ஒட்டி நிற்கின்றன. கேட்கப்பட்டவன் கேட்டான், அவனுக்கு மறுமொழி இல்லை. இறந்த பிறகு எந்தோர் என்ற ஊரில் சவுலுக்காக எழுப்பப்பட்ட சாமுவேல் சொல்வதும் 'என்னிடத்தில் ஏன் கேட்கிறாய்' என்பதே. இந்த இடத்துக்கு வரும்போது வகுப்பில் ஒவ்வொரு ஆண்டும் சற்று நேரம் யாரும் பேசுவதில்லை. முதல் அதிகாரத்தில் உதடு மட்டும் அசைய, சத்தம் வெளியே வராமல் கேட்ட ஒரு பெண்ணுக்குப் பதில் கிடைத்தது. கடைசியில் கிரீடம் சூடியவன் கேட்டும் பதில் இல்லை. இந்த இரண்டு முனைகளையும் கட்டுகிற நூல் 'ஷாஅல்'. அதனால்தான் சவுலின் பெயர் அன்னாளின் வாயில் முன்கூட்டியே ஒலிக்கிறது. தெரிந்தே செய்திருக்கிறார் கதையை எழுதியவர் என்பது என் துணிபு. ஆகவே உங்கள் வேதத்தில் தவறு எதுவும் நுழைந்துவிடவில்லை, கலங்க வேண்டாம். கொழுந்தனாரிடமும் இந்த நான்கு அதிகாரங்களைச் சேர்த்து வாசித்துப் பார்க்கச் சொல்லுங்கள், அவர் ரசிப்பார்.

இவ்வளவும் எழுதும்போது எனக்குத் தமிழைப் பற்றி ஒரு சந்தோஷம் உண்டு. எபிரேயத்தில் வேண்டிக் கேட்பதற்கு ஷாஅல், செவியால் கேட்பதற்கு ஷமா என்று இரண்டு வினைகள். தமிழில் இரண்டுக்கும் ஒன்றே, கேள். கடையில் விலை கேட்கிறோம், வானொலியில் பாட்டும் கேட்கிறோம். திருக்குறளில் 'கேள்வி' என்ற அதிகாரம் வினா எழுப்புவது பற்றியது இல்லை, 'செவிச்செல்வம்' பற்றியது. இதே இதழில் நீங்கள் அனுப்பியதற்கும் கேள்வி என்றுதான் பெயர்.

அதனால் தமிழ் வேதத்தில் மட்டும் ஒரு அழகு தானாக வந்து அமைந்திருக்கிறது. முதல் அதிகாரத்தில் தாய், கர்த்தரிடத்தில் கேட்டேன் என்கிறாள். மூன்றாம் அதிகாரத்தில், விளக்கு அணையும் முன் தன் பேரைச் சொல்லிக் கூப்பிடும் குரலுக்கு எழுந்து ஓடி, நான்காம் முறை, 'சொல்லும். அடியேன் கேட்கிறேன்' என்கிறான் பிள்ளை. எபிரேய வாசகருக்கு இவை இரண்டு சொல். தமிழில் வாசிக்கிறவருக்குத் தாயின் வார்த்தையே மகன் வாயில் திரும்ப வருகிறது. கைபேசி சொன்ன விளக்கம் மொழிப்படி நிற்காது என்றேன். ஆனால் 'கேட்டார்' என்ற சொல்லில் மனதைப் பறிகொடுத்த பழைய விளக்கக்காரர்கள் இந்தக் கதையைத் தவறாக வாசிக்கவில்லை. கேட்பதும் செவிகொடுப்பதும் அதில் பிரிக்க முடியாமல் கிடக்கின்றன.

யூதர்கள் இந்தப் பகுதியைத் தங்கள் புத்தாண்டான ரோஷ் ஹஷானாவின் முதல் நாளில் ஜெபக்கூடத்தில் வாசிக்கிறார்கள். அன்னாளின் பாட்டு வரைக்கும். எப்படி ஜெபிக்க வேண்டும் என்ற விதிகளை யூதர்களின் சமயச் சட்டத் தொகுப்பான தல்மூத் எடுப்பதும் அவளிடமிருந்துதான்: மனதிலிருந்து பேசு, உதடு அசையட்டும், சத்தம் வெளியே கேட்கவேண்டாம். குடித்திருக்கிறாள் என்று ஆசாரியர் சந்தேகப்பட்ட ஒரு பெண்ணின் ஜெபம் ஒரு சமுதாயத்துக்கே மாதிரி ஆனது.

உங்கள் மகனுக்கு என்ன சொல்வது? பத்து வயதுப் பிள்ளைக்கு அயினும் வேற்றுமை உருபும் வேண்டாம். 'உன் பெயருக்குள்ளே இருக்கிற வார்த்தை தேவனுடைய நாமம். அந்தப் பெயரை அன்னாள் வைத்தது, கர்த்தரிடத்தில் கேட்டு வாங்கிய பிள்ளை என்பதால். நானும் அதற்காகத்தான் வைத்தேன்.' இவ்வளவு போதும். ஞாயிறு பள்ளியில் ஒரே வரியில் சொல்லச் சொன்னால் 'கர்த்தரிடத்தில் கேட்கப்பட்டவன்' என்றே சொல்லட்டும், வசனத்தில் இருப்பது அதுதான். வளர்ந்து, யாராவது 'ஷெம்'மையும் 'ஏல்'ஐயும் காட்டி நீ சொன்னது தவறு என்றால், அவனுக்கு அது புதிதாக இருக்கக்கூடாது. இப்போதே இரண்டையும் சொல்லி வையுங்கள்.

பலகைக்கு வருகிறேன். நல்லவேளை, செதுக்குவதற்கு முன் அனுப்பினீர்கள். படத்தில் இரண்டு பிழைகள் இருக்கின்றன.

முதலாவது, எழுத்துகள் தலைகீழ் வரிசையில் இருக்கின்றன. எபிரேயம் வலமிருந்து இடமாகப் போகும். அதை அறியாத மென்பொருளில் ஒட்டினால் சொல் கடைசியிலிருந்து தொடங்கிவிடும். இது அடிக்கடி நடக்கிறது, எபிரேயம் படிக்காதவர் கண்ணில் படாது. இரண்டாவது, நான்காம் எழுத்தாக ஆலெப் இருக்கவேண்டிய இடத்தில் அயினைப் போட்டிருக்கிறார்கள். 'தேவன் செவிகொடுத்தார்' என்ற விளக்கத்தை நம்பி யாரோ எழுத்துக்கூட்டியிருக்கிறார்கள் என்று தெரிகிறது. அப்படி எழுதினால் அது சாமுவேல் ஆகாது.

பெயரில் ஐந்து எழுத்துகள். வலது ஓரத்தில் ஷீன், மேல்நோக்கி மூன்று கிளை உள்ளது. அதற்கு இடப்பக்கம் மேம், கீழே இடது ஓரத்தில் சிறு திறப்பு இருக்கும். முழுதாக மூடிய பெட்டி போல இருந்தால் அது சொல்லின் கடைசியில் வரும் மேம், இங்கே கூடாது. பிறகு வாவ், தலை சற்று வளைந்த ஒரே நேர்கோடு. நான்காவது ஆலெப், சாய்கோட்டின் மேலும் கீழும் இரண்டு கைகள், பார்க்க ஒரு பெருக்கல் குறி போல. இப்போது படத்தில் அந்த இடத்தில் இருப்பது இரண்டு கொம்பும் ஒரு வாலுமாக உள்ள அயின். கடைசியில், இடது ஓரத்தில் லாமெத். ஐந்தில் அது ஒன்றுதான் மற்றவற்றுக்கு மேலே தலை நீட்டி நிற்கும். மூன்று கிளை உள்ள எழுத்து வலது ஓரத்திலும் தலை நீட்டியது இடது ஓரத்திலும் இருந்தால் வரிசை சரி. உயிர்க்குறிப் புள்ளிகள் வேண்டியதில்லை, மரத்தில் அவை தூசி அடைந்து தவறான குறியாகிவிடும்.

திருத்திய படம் வந்ததும் நேரே மரத்தில் வைக்கச் சொல்லாதீர்கள். தாளில் அச்செடுத்து எனக்கு ஒரு பிரதி அனுப்புங்கள், பார்த்து அன்றே பதில் எழுதுகிறேன். தம்பி சாமுவேலுக்கு என் வாழ்த்துகள்.